மனச்சோர்வும் தைராய்டுச் சுரப்பியும்

நடவு முடிந்து மூன்று வாரமாகிறது. யூரியா இட்டாயிற்று, தண்ணீருக்கும் குறைவில்லை. ஆயினும் பயிர் பச்சை பிடிக்கவில்லை. இலைகளில் துருப் பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. வளர்ச்சி குன்றித் திட்டுத் திட்டாக நிற்கிறது. விவரமறியாதவர் யூரியா போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு மூட்டையைக் கொட்டுவார். அனுபவமுள்ள விவசாயி அப்படிச் செய்ய மாட்டார். அவர் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவார். மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைவு என்று தெரிந்தால் துத்தநாக சல்பேட்டை அளவறிந்து இடுவார். அக்குறை நீங்கிய பின்னர் இடும் யூரியா தன் பலனைத் தரும்.

மனித உடலும் இத்தகையதே. நல்ல மருந்தை நல்ல டாக்டர் கொடுத்தும் நோய் தணியாத சமயங்கள் உண்டு. அப்போது மருந்தின்மீதும் டாக்டரின்மீதும் நாம் குறை கூறுகிறோம். அல்லது, அதனினும் கொடுமையாக, நோயாளியின்மீதே பழி சுமத்துகிறோம். மண்ணில் உள்ள குறைபோல, உடலில் மறைந்துள்ள குறை ஒன்று மருந்தைத் தடுக்கிறதோ என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மனச்சோர்வு நோயில் இவ்வாறு அடிக்கடி கவனிக்கப்படாது போகும் குறை ஒன்று உண்டு. அது கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியின் குறை. இதைக் கண்டறிய ஓர் இரத்தப் பரிசோதனையே போதும். அதைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோம்பல் அன்று, நோய்

துன்பம் வரும்போது மனம் வருந்துவது இயற்கை. மழை பொய்த்தாலும், கடன் பெருகினாலும், உற்றார் மறைந்தாலும் யாருக்கும் கவலை உண்டாகும். அக்கவலை நாளடைவில் தணிந்துவிடும். மனச்சோர்வு நோய் அவ்வாறன்று. அது இரண்டு வாரத்திற்கு மேலும் நாள் முழுவதும் நீடிக்கிறது. முன்பு விருப்பமாயிருந்த எதிலும் நாட்டமில்லாமற் போகிறது. உறக்கம் கெடுகிறது, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. உணவு செல்வதில்லை. கை கால்கள் பாரமாகத் தோன்றுகின்றன. சிறு கணக்கும் பிடிபடுவதில்லை. "நான் எதற்கும் பயனற்றவன்" என்ற எண்ணம் வேரூன்றுகிறது. முடிவில் சாவைப் பற்றிய எண்ணமும் தலைகாட்டுகிறது.

இந்நோய் நகரத்தாருக்கு மட்டும் உரியது என்று சிலர் கருதுகிறார்கள். அது தவறு. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிலையம் 2015-16-ஆம் ஆண்டுகளில் நம் மாநிலம் உட்பட 12 மாநிலங்களில் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார் என்று அதில் தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்பதும் வெளிப்பட்டது. ஆயிரம் பெரியவர்கள் வாழும் ஒரு கிராமத்தில் இக்கணக்குப்படி சுமார் 50 பேர் என்றாகிறது. அவர்கள் யாவர் என்று நமக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. "சோம்பேறி" என்றும், "திமிர் பிடித்தவள்" என்றும், "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்றும் நாம் பெயரிட்டு ஒதுக்கியவர்களுள் அவர்கள் மறைந்திருக்கிறார்கள்.

மதகும் நீர்க்கட்டியும்

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் சில உள்ளன. இவை சுரக்கும் நீருக்கு ஹார்மோன் என்று பெயர். இது குழாய் வழியே செல்லாமல் நேரே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. அளவில் மிகச் சிறிதாயினும் வேலையில் மிகப் பெரிது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப் பூச்சி சிறகை விரித்தாற்போல அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. இது தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடலின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்யவேண்டும் என்பதை இதுவே நிர்ணயிக்கிறது. இது குறைந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கும், குடல் மெதுவாக இயங்கும், மூளையும் மந்தப்படும். இதைச் செய்வதற்கு அயோடின் என்னும் சத்துத் தேவை. அயோடின் கலந்த உப்பை உண்ணவேண்டும் என்று சர்க்கார் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இச்சுரப்பி தானே தனித்து இயங்குவதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்று இருக்கிறது. ஏரிப் பாசனத்தை இதற்கு உவமையாகக் கூறலாம். தைராய்டு மதகு என்றால், பிட்யூட்டரி அம்மதகைக் கவனிக்கும் நீர்க்கட்டி. கழனியில் நீர் குறைந்தால் நீர்க்கட்டி மதகை இன்னும் திறக்க முயலுவார். நீர் மிகுந்தால் மூடுவார். அதுபோல, இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி தன் ஏவல் ஹார்மோனை மிகுதியாக அனுப்பும். தைராக்சின் மிகுந்தால் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஏவல் ஹார்மோனை டாக்டர்கள் டி.எஸ்.எச். என்று சுருக்கமாகக் கூறுவர்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இரத்தத்தில் டி.எஸ்.எச். மிகுந்திருந்தால், நீர்க்கட்டி ஓயாமல் முயன்றும் மதகு வழிவிடவில்லை என்று பொருள். அஃதாவது, தைராய்டுச் சுரப்பி பழுதுபட்டிருக்கிறது. சாதாரணமாகப் பெரியவர்களின் டி.எஸ்.எச். அளவு சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கும். பரிசோதனைச் சாலைக்கு ஏற்ப இது சிறிது மாறலாம்.

ஆட்டின் சுரப்பி அளித்த பாடம்

தைராய்டுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுகளிலேயே டாக்டர்கள் ஒரு விந்தையான நோயைக் கண்டு விவரித்தனர். முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சு மந்தமாகி, எதிலும் நாட்டமின்றி நோயாளிகள் ஒடுங்கிப் போயினர். இவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். லண்டனிலுள்ள மருத்துவச் சங்கம் ஒன்று இத்தகைய நோயாளிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து 1888-இல் அறிக்கை வெளியிட்டது. தைராய்டுச் சுரப்பி கெடுவதே நோயின் மூலம் என்றும், நோயாளிகள் பலருக்கு மனமும் கெடுகிறது என்றும் அவ்வறிக்கை கூறியது.

மூலம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. 1891-இல் நியூகாஸில் நகரத்து இளம் டாக்டர் ஜார்ஜ் மர்ரே என்பவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். செம்மறியாட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, 46 வயதான ஓர் அம்மையாருக்கு ஊசி மூலம் செலுத்தினார். புதியவர்களைக் காணவே கூசி, சொல் எழாமல் இருந்த அந்த அம்மையார் சில மாதங்களில் தெளிவடைந்தார். பின்னர் அம்மருந்தை வாய்வழியே உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-இல் தமது 74-ஆம் வயதில் காலமானார். அவ்வளவு காலமும் அவருக்குத் தேவைப்பட்ட மருந்து 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகளிலிருந்து கிடைத்தது. இன்று ஆடு வேண்டியதில்லை. தைராக்சின் மாத்திரையாகத் தயாரிக்கப்பட்டு மலிவாகக் கிடைக்கிறது.

1949-இல் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் அனைவரும் மூளை கலங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் நோயின் வேர் தைராய்டில் இருந்தது. தைராய்டு மருந்து கொடுத்ததும் 9 பேர் முழுமையாகத் தெளிந்தனர். மனநோய் என்று கைவிடப்பட்ட ஒருவர் சுரப்பிக் குறையால் வருந்துபவராக இருக்கலாம் என்ற பாடத்தை டாக்டர் உலகம் அதன்பின் மறக்கவில்லை. அப்பாடம் கிராமத்து வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவேண்டியிருக்கிறது.

ஒரே சாயல் கொண்ட இரு நோய்கள்

மனச்சோர்விலும் களைப்பு உண்டு. தைராய்டுக் குறைவிலும் களைப்பு உண்டு. இரண்டிலும் மறதி, மந்தம், நாட்டமின்மை ஆகியவை உள்ளன. ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. எனினும் தைராய்டுக் குறைவுக்கே உரிய அடையாளங்கள் சில உள. அவை வருமாறு:

மற்றவர்க்கு இதமாக இருக்கும் காற்றும் குளிராகத் தோன்றுதல். தோல் வறண்டு சொரசொரப்பாதல். தலைமயிர் உதிர்தல். மலச்சிக்கல். உணவு மிகாமலே உடல் எடை கூடுதல். குரல் கம்முதல். காலையில் முகமும் கண்ணிமையும் அதைத்திருத்தல். பெண்களுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு மிகுதல். கழுத்தின் முன்புறம் வீங்குதல்.

இவற்றுள் சில இருப்பின் உடனே பரிசோதனை செய்துகொள்வது நலம். இவை எல்லாருக்கும் தெளிவாகத் தோன்றுவதில்லை. முதியவர்களிடம் வெறும் மறதியும் மௌனமும் மட்டுமே காணப்படலாம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நாம் விட்டுவிடுகிறோம். தைராய்டுக் குறைவு ஆண்களைக் காட்டிலும் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வீட்டில் அனைவருக்கும் உழைத்துவிட்டுத் தன் களைப்பைச் சொல்லாமல் இருப்பவளும் பெண்ணே அல்லவா?

மருந்து பலிக்காதது ஏன்?

மனச்சோர்வை நீக்கும் மருந்துகள் 1950-ஆம் ஆண்டுகளில் தோன்றின. அவற்றுள் இமிப்ரமின் என்பது ஸ்விட்ஸர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற டாக்டரால் கண்டறியப்பட்டது. அதன்பின் பல புதிய மருந்துகள் வந்துள்ளன. இவை தலைவலி மாத்திரைபோல ஒரு மணி நேரத்தில் வேலை செய்வன அல்ல. பலன் தென்படவே இரண்டு முதல் நான்கு வாரமாகும். ஒரு மருந்து பலிக்கிறதா என்று தீர்மானிக்க ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுக்கவேண்டும். பத்தே நாளில் நிறுத்திவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று கூறுவது, விதைத்த மறுவாரமே கதிர் எங்கே என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

முறையாக உட்கொண்டும் எல்லாருக்கும் முதல் மருந்தே பலிப்பதில்லை. 2001-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆராய்ச்சி ஒன்றில், முதல் மருந்தினால் முழு நலம் பெற்றவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. எஞ்சியவர்களுக்கு மருந்தை மாற்றவோ, மற்றொன்றைச் சேர்க்கவோ வேண்டியிருந்தது. ஆகையால் முதல் மருந்து பலிக்காதது அபூர்வமும் அன்று. நம்பிக்கை இழப்பதற்கு உரிய செய்தியும் அன்று.

பலிக்காதபோது டாக்டர் பல காரணங்களை ஆராய்கிறார். மருந்து முறையாக உட்கொள்ளப்பட்டதா? அளவு போதுமா? மதுப் பழக்கம் உண்டா? வேறு மருந்துகள் குறுக்கிடுகின்றனவா? இரத்தசோகை உண்டா? இவற்றோடு தைராய்டு சரியாக இருக்கிறதா என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி. தைராய்டுக் குறைவு சரிசெய்யப்படாமல் இருக்கும்வரை மனச்சோர்வு மருந்து முழுப் பலன் தராமற் போகக்கூடும். குறை தீர்ந்த பின் அதே மருந்து பலிக்கலாம். சிலருக்குத் தைராக்சின் ஒன்றே போதுமானதாகி, மனச்சோர்வு மருந்துக்குத் தேவையே இல்லாமற் போவதும் உண்டு.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. தைராய்டில் குறை இல்லாதவர்களுக்கும் அந்த ஹார்மோனைச் சிறு அளவில் சேர்த்தால் மனச்சோர்வு மருந்து விரைவாக வேலை செய்யுமா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ஆர்தர் பிராஞ்ச் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 1969-இல் இமிப்ரமினுடன் டி-3 என்னும் தைராய்டு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தனர். நோயாளிகள், சிறப்பாகப் பெண்கள், விரைவில் தேறினர். மேற்சொன்ன பெரிய ஆராய்ச்சியிலும், இரண்டு மருந்துகள் பலிக்காதவர்களுக்கு மூன்றாவதாக டி-3 அல்லது லித்தியம் சேர்த்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி டி-3 பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 25 பேரும், லித்தியம் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 16 பேரும் நலம் பெற்றனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணக்கியல் வல்லுநர் கூறினர். ஆயினும் டி-3 உட்கொண்டவர்களுக்குத் தொல்லைகள் குறைவாக இருந்தன. நான்கு பேரில் மூவருக்கு இதுவும் பலிக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஹார்மோன் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி அன்று. சில பூட்டுக்களுக்கு உரிய சாவி.

லித்தியத்தைக் குறிப்பிட்டதால் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். மனநோய்க்குப் பயன்படும் சிறந்த மருந்துகளில் அதுவும் ஒன்று. எனினும் அது தைராய்டுச் சுரப்பியை மந்தப்படுத்தக்கூடும். அதை உட்கொள்பவர்கள் குறித்த காலத்தில் தைராய்டுப் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.

கார்ட்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோன்

தைராய்டு மட்டுமே மனத்தோடு தொடர்புடையது என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. ஆபத்து வந்தபோது உடலைத் தயார்ப்படுத்துவது இதன் வேலை. காலையில் மிகுந்தும் இரவில் குறைந்தும் இருப்பது இதன் இயல்பு. கடும் மனச்சோர்வில் உள்ள பலரிடம் இது குறையவேண்டிய நேரத்திலும் குறையாமல் இருப்பது கண்டறியப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் மதகை மூட மறந்தாற்போன்ற நிலை அது.

அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் காரல் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் இதை ஒரு சோதனையாக வகுத்து 1981-இல் வெளியிட்டனர். இரவில் டெக்ஸாமெத்தஸோன் என்னும் மருந்தைச் சிறிது கொடுத்து, மறுநாள் கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பதே அச்சோதனை. மனச்சோர்வை இரத்தத்தில் கண்டுவிடலாம் என்று அப்போது பெரும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் வேறு நோயுடையவர்கள், உடல் மெலிந்தவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோரிடமும் அது அடங்காமல் இருப்பது தெரிந்தது. ஆகவே நோயைத் தீர்மானிக்க அச்சோதனை இன்று வழக்கமாகப் பயன்படுவதில்லை. ஆயினும் ஒரு பயனுள்ள குறிப்பு கிடைத்தது. சிகிச்சைக்குப் பின்னும் கார்ட்டிசால் அடங்காமல் இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது மிகுதி. முகம் தெளிந்துவிட்டது என்பதற்காக மருந்தை உடனே நிறுத்தலாகாது என்பதற்கு இதுவும் ஓர் ஆதாரம். நலம் பெற்ற பின்னும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரவேண்டும் என்று டாக்டர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கவேண்டும்.

ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்ட்டிசாலைப் போன்றவையே. அவற்றை நெடுநாள் உட்கொள்பவர்களுக்கு மனநிலை மாறக்கூடும். அவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மனச்சோர்வுக்காக டாக்டரிடம் செல்பவர் தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்டவேண்டும்.

பச்சை உடம்புக்காரியைக் கவனிப்போம்

பிரசவத்திற்குப் பின் தாயின் உடலில் சில ஹார்மோன்கள் ஓரிரு நாட்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. முதல் வாரத்தில் காரணமின்றி அழுவது பலருக்கும் உண்டு. அது தானே தீரும். இரண்டு வாரத்திற்கு மேலும் அழுகையும், உறக்கமின்மையும், குழந்தைமீது நாட்டமின்மையும் நீடித்தால் அது நோய். கர்ப்ப காலத்து ஹார்மோன் ஒன்றிலிருந்து உண்டாகும் பொருளைப் பின்பற்றி ஜுரானலோன் என்னும் மருந்து செய்யப்பட்டு, 2023-இல் அமெரிக்காவில் பிரசவகால மனச்சோர்வுக்கென அனுமதிக்கப்பட்டது. அது 14 நாள் உட்கொள்ளும் மருந்து. ஹார்மோனுக்கும் மனத்துக்கும் உள்ள உறவை இது உறுதிப்படுத்துகிறது.

பிரசவத்தை அடுத்த ஓராண்டுக்குள் சில தாய்மாருக்குத் தைராய்டுச் சுரப்பியில் அழற்சி ஏற்படுவதும் உண்டு. அவள் சோர்ந்து கிடந்தால் "பேய் பிடித்தது" என்று வேப்பிலை அடிப்பதால் பயன் இல்லை. மனத்தையும் இரத்தத்தையும் டாக்டர் பார்க்கட்டும்.

செய்யத்தகாதவை

தைராய்டு மருந்து நல்லது என்று கேட்டவுடன் கடையில் வாங்கி விழுங்குவது பெரும் தவறு. தேவையின்றி உட்கொண்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எலும்பு வலுவிழக்கும், முதியோரின் இதயத்துக்குக் கேடு விளையும். மண்ணைப் பார்க்காமல் துத்தநாகம் கொட்டுவதும் யூரியா கொட்டுவதைப் போன்ற வீண் செலவே அல்லவா?

டி.எஸ்.எச். சிறிதே கூடியிருப்பது எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்றும் கொள்ளலாகாது. ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. டி.எஸ்.எச். சற்றே மிகுந்தும் தைராக்சின் குறையாமலும் இருந்த அவர்களுக்கு, மாத்திரையினால் களைப்பு நீங்கவில்லை. எவருக்கு மாத்திரை தேவை என்பதை டாக்டரே முடிவு செய்யவேண்டும். மனச்சோர்வுடையவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு சரியாகவே இருக்கும். அவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும், மனச்சோர்வு மருந்தும், உற்றாரின் ஆதரவுமே வழி.

தைராக்சின் தேவைப்படுபவர்கள் அதைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் உட்கொள்ளவேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் ஆகாரமும் அருந்தவேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளி உட்கொள்ளவேண்டும். இல்லையேல் தைராக்சின் உடலில் சேராது. கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் இரத்தத்தைப் பரிசோதித்து அளவைத் திருத்திக்கொள்வது வழக்கம். மனச்சோர்வு மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தலாகாது. டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும்.

பஞ்சாயத்துக்களின் பங்கு

பஞ்சாயத்து உறுப்பினர் மருத்துவராக வேண்டியதில்லை. அவர் செய்யக்கூடிய பணிகள் வேறு. முதலாவது, பழிச்சொல்லை நிறுத்துவது. கிராம சபையில் ஒரு பெரியவர் எழுந்து, "இது நோய், இதற்கு மருந்து உண்டு" என்று ஒருமுறை கூறினால், பத்துக் குடும்பங்களின் வெட்கம் நீங்கும். இரண்டாவது, வழி காட்டுவது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் கலந்து, மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்த நாளில் எந்த மருத்துவமனைக்கு வருகிறார், தைராய்டுப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் எங்கே செய்யப்படுகிறது என்று கேட்டறிந்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசி 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இரவும் பகலும் இயங்கி வருகிறது. அந்த எண்ணையும் எழுதலாம்.

மூன்றாவது, காவல். பூச்சி மருந்தை வீட்டுக்குள் எட்டும் இடத்தில் வைக்காமல் பூட்டி வைக்கும் பழக்கத்தை ஊரில் ஏற்படுத்தவேண்டும். மனம் இருண்ட ஒரு கணத்தில் கைக்கு எட்டாத மருந்து ஓர் உயிரைக் காக்கும். சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டும். இரத்தப் பரிசோதனை வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கலாகாது.

நாலாவது, பொறுமையை ஊட்டுவது. "மூன்று வாரம் மருந்து சாப்பிட்டும் பயன் இல்லை, நிறுத்திவிட்டோம்" என்று வருந்தி வரும் குடும்பத்தாரிடம் இரண்டு வார்த்தை கூறுவோம். மீண்டும் டாக்டரிடம் செல்லுங்கள். தைராய்டைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இக்கேள்வியைக் கேட்க எவரும் தயங்கவேண்டியதில்லை. நல்ல டாக்டர் எவரும் இதைத் தவறாகக் கொள்ளார்.

விளையாத நிலத்தை நாம் சபித்துவிட்டு எழுந்து போவதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து, அதில் என்ன குறை என்று கேட்கிறோம். நம்முடன் வாழும் மனிதருக்கும் அந்த மரியாதையைச் செய்வோமாக. திண்ணையில் முகம் வாடி அமர்ந்திருப்பவரை நோக்கி "ஏன் இப்படிச் சோம்பிக் கிடக்கிறாய்?" என்று கேட்பதை விடுத்து, "வாருங்கள், டாக்டரிடம் போய் வருவோம்" என்று அழைப்போம். பலருக்கு மீண்டும் வயலுக்கும் அடுப்படிக்கும் ஆளாக நடமாடும் வாழ்வு அந்த அழைப்பிலிருந்து தொடங்கும்.